நிலமும் பணமும்: தமிழகத்தில் ஆட்சியாளரும் வணிகரும், 1500–1948

1500-க்கும் 1801-க்கும் இடையில் திருவண்ணாமலை ஏழு ஆட்சிகளைக் கண்டது. விஜயநகரத்தையும் அதன் செஞ்சி நாயக்கர்களையும் அடுத்து 1649-இல் பிஜப்பூர் சுல்தானின் படை வந்தது. 1677-இல் சிவாஜியின் மராட்டியரும் 1698-இல் முகலாயரும் செஞ்சியைப் பிடித்தனர். பிறகு ஆற்காட்டு நவாபுகள். கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி. பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் இடையில் வந்துபோனது தனிக் கணக்கு. கர்நாடகச் சீமையில் இப்படி நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் அக்காலத்து ஆங்கிலேயர் 'புரட்சி' என்றே எழுதினர். இவற்றில் நிலத்தையும் படையையும் வைத்திருந்தவர்களுக்கும் பணத்தையும் சரக்கையும் வைத்திருந்தவர்களுக்கும் இடையே என்ன உறவு இருந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் நெடுநாளாகக் கேட்டுவரும் கேள்வி. ஐரோப்பியப் புரட்சிகளைப் பற்றியும் இதே கேள்விதான் கேட்கப்பட்டது. அங்கே கிடைத்த விடைகளில் சில இங்கே பொருத்தினால் நன்கு விளக்குகின்றன; சில கொஞ்சமும் பொருந்துவதில்லை.

ஐரோப்பாவைப் பற்றிய பழைய விளக்கம் எளிமையானது. பிரபுக்கள் நிலவுரிமையாலும் பிறப்பாலும் ஆண்டனர், நகரத்து வணிகரும் தொழில் முதலாளிகளுமான பூர்ஷ்வா வர்க்கம் பொருளில் வளர்ந்து அவர்களைத் தள்ளிவிட்டு அதிகாரத்தைக் கைப்பற்றியது, 1640-களின் இங்கிலாந்தும் 1789-இன் பிரான்சும் அதற்குச் சான்று என்பது அந்த விளக்கம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது ஆட்டம் கண்டது. ஆல்ஃபிரட் கோபன் 1964-இல் வெளியிட்ட நூலில், 1789-இன் பிரெஞ்சு சபையில் மூன்றாம் வகுப்பாரின் பிரதிநிதிகளாக இருந்தவர்களில் பெரும்பாலோர் வக்கீல்களும் அரசுப் பதவி வகித்தவர்களும்தான், வணிகரும் ஆலை முதலாளிகளும் மிகச் சிலரே என்று காட்டினார். ஜார்ஜ் டெய்லர் 1967-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். பிரெஞ்சுப் பிரபுவும் பிரெஞ்சு வணிகனும் தங்கள் செல்வத்தை ஒரே மாதிரியான இடங்களில்தான் போட்டு வைத்திருந்தனர்: நிலம், விலைக்கு வாங்கிய பதவி, அரசுக்குக் கொடுத்த கடன். 1604 முதல் ஆண்டுதோறும் ஒரு வரி கட்டினால் வாங்கிய பதவி பரம்பரைச் சொத்தாகலாம் என்ற ஏற்பாடு பிரான்சில் இருந்தது. பணம் சேர்த்தவன் பேரனாவது பிரபு ஆகிவிடலாம் என்ற நம்பிக்கையை அது ஊட்டியது. இங்கிலாந்தைப் பற்றி ராபர்ட் பிரென்னர் 1993-இல் எழுதிய நூல் வணிகரையே இரண்டாகப் பிரித்துக் காட்டியது. கம்பெனி ஏகபோகம் பெற்ற பழைய வணிகர் அரசனை ஒட்டியே நின்றனர். அமெரிக்கக் குடியேற்றங்களோடு வியாபாரம் செய்த புதிய வணிகர் நாடாளுமன்றப் பக்கம் சேர்ந்தனர். 1688-க்குப் பிறகு, குறிப்பாக 1694-இல் இங்கிலாந்து வங்கி தோன்றிய பிறகு, நிலப்பிரபுவும் லண்டன் பணக்காரனும் அரசாங்கக் கடனால் ஒருவரோடொருவர் கட்டுண்டனர். இந்தக் கடைசிச் செய்திதான் தமிழகத்தைப் புரிந்துகொள்ள மிகவும் உதவுவது.

கோயிலில் கலந்த இரண்டு செல்வங்கள்

தமிழகத்தில் அதிகாரமும் செல்வமும் சந்தித்துக்கொள்ளக் கோயில் என்ற நிறுவனம் இருந்தது. அண்ணாமலையார் கோயிலின் ஆயிரங்கால் மண்டபம், சிவகங்கைத் தீர்த்தம், கிழக்கு ராஜகோபுரம் ஆகியவற்றில் விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயரின் பங்கை 1516-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அவர் தொடங்கிய பதினொரு நிலைக் கோபுரத்தை முடித்தவர் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர். அதற்கும் முன்னால், பதினான்காம் நூற்றாண்டில், ஹொய்சள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டிருந்தார். பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனானார் என்பது ஐதிகம். இன்றும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி அவருக்குத் திதி கொடுக்கிறார். ஆட்சி பலமுறை கைமாறியும் அரசனுக்கும் தெய்வத்துக்கும் உள்ள இந்த உறவுமுறை அறுந்துபோகவில்லை என்பதை ஆய்வாளர் இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

அரசன் கோபுரம் எழுப்பினால், வணிகனும் நெசவாளர் கூட்டமும் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படியை ஏற்கலாம், நித்திய பூசைக்குக் கட்டளை எழுதிவைக்கலாம், விளக்கெரிக்கப் பசு விடலாம். அதற்குப் பதிலாகப் பரிவட்டமும் மாலையும் பிரசாதமும் கிடைக்கும். யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்ற வரிசைதான் ஊரில் அவரவர் மதிப்பு. கோயில் மரியாதை என்பது வெறும் சடங்கில்லை, அதுவே அதிகாரப் பங்கீட்டின் பதிவேடு என்று அர்ஜுன் அப்பாதுரையும் கரோல் பிரெக்கன்ரிட்ஜும் 1976-இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டனர். பிரெஞ்சு வணிகன் பதவியை விலைக்கு வாங்கி ஏறிய படிகளை இங்கே வணிகன் தர்மம் செய்து ஏறினான். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பிரான்சில் பணம் இருந்தால் யாரும் ஏறலாம். இங்கே சாதி வாசலில் நின்றது. அந்த வாசல் யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியது என்பதே பிற்காலத்து மோதல்களைத் தீர்மானித்தது.

கீழிருந்து எதிர்ப்பே எழவில்லை என்றும் சொல்ல முடியாது. 1429-இல் தஞ்சைப் பகுதியிலும் நடுநாட்டிலும் வலங்கை, இடங்கைப் பிரிவினர் தங்கள் பழைய பகையை ஒதுக்கிவைத்துவிட்டு ஒன்றுகூடினர். அரசு அதிகாரிகளும் நிலம் வைத்திருந்த பிராமணரும் வெள்ளாளரும் விதித்த அநியாய வரிகளைத் தரமாட்டோம் என்று கோயில் சுவர்களிலேயே பொறித்து வைத்தனர். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இக்கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்துள்ளனர். உழவரும் கைவினைஞரும் வணிகரும் சேர்ந்து நின்ற அந்தக் கூட்டணி நீடிக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் சென்னப்பட்டினத்தில் அதே வலங்கையும் இடங்கையும் தெருவுக்காகவும் ஊர்வலத்துக்காகவும் சண்டையிட்டன. 1707-இல் தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது அந்தச் சண்டை நகரத்தையே கலக்கியது. வணிகர் ஒரே வர்க்கமாகத் திரளாமல் இரண்டு கைகளாகப் பிரிந்து நின்றது ஆட்சியாளருக்கும் கம்பெனிக்கும் வசதியாகவே இருந்தது.

படை நடத்திய வணிகர்

பிரபு, வணிகன் என்ற பிரிவினையே பதினேழாம் நூற்றாண்டுச் சோழமண்டலக் கரையில் பல இடங்களில் நிற்காது. டச்சுக் கம்பெனி 1610-இல் பழவேற்காட்டில் கால் ஊன்றியபோது அதன் முதன்மைத் தரகராக வந்தவர் அச்சுதப்ப செட்டி. டச்சு ஆவணங்கள் அவரை 'மலயா' என்ற பெயரில் குறிக்கின்றன. துணியும் கப்பலும் அவர் தொழில். அதோடு துறைமுகச் சுங்கத்தையும் ஊர்களின் வரியையும் குத்தகைக்கு எடுத்தார். செஞ்சி நாயக்கரின் அரசவைச் சிக்கல்களில் தலையிட்டுச் சமரசம் பேசினார். 1634-இல் அவர் இறந்த பிறகு தம்பி சின்னண்ண செட்டி அதே வழியில் இன்னும் தூரம் போய்ப் படையும் நடத்தினார். 1640-களில் விஜயநகர மன்னர் மூன்றாம் ஸ்ரீரங்கராயரின் பகைக்கு ஆளானதும் அந்தக் குடும்பத்தின் செல்வாக்கு மங்கியது.

சி. ஏ. பேலியும் சஞ்சய் சுப்ரமணியமும் 1988-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இத்தகையவர்களைத் தனி வகையாகவே பார்க்க வேண்டும் என்றனர். கடல் வாணிகம், உள்நாட்டுத் தானிய வியாபாரம், வரிக் குத்தகை, கடன் கொடுத்தல், படைக்கு ஆள் சேர்த்தல் என எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் முதலிட்டவர்கள் இவர்கள். ஒன்றில் நட்டம் வந்தால் மற்றொன்று தாங்கும். வேல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் 1992-இல் நாயக்கர் காலத்தைப் பற்றி எழுதிய நூல் இதை அரசவை வரைக்கும் கொண்டுபோய்ப் பார்க்கிறது. நாயக்கர் காலத்தில் பணப்புழக்கமே அரச மகிமையின் அடையாளமானது என்பது அவர்கள் கருத்து. இந்த ஆய்வுகள் தரும் வெளிச்சம் பெரிது. ஆனால் ஒரு குறையும் உண்டு: அவை வெற்றி பெற்ற பெரிய மனிதர்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அந்த வரிக் குத்தகையின் சுமையைத் தாங்கிய குடியானவனைப் பற்றிப் பேசுவதில்லை.

இதே காலத்தில் ஆட்சியாளரும் வணிக வருமானத்தை நாடினர். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த வந்தவாசியிலிருந்து ஆண்ட தாமர்ல நாயக்கர்தான் 1639-இல் சென்னப்பட்டினக் கடற்கரையை ஆங்கிலக் கம்பெனிக்குக் கொடுத்தார். துறைமுகம் செழித்தால் சுங்கத்தில் பங்கு வரும், பாரசீகத்துக் குதிரைகள் கிடைக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. அந்தக் காலத்து நியாயப்படி அதில் தவறேதும் இல்லை. எல்லா நாயக்கர்களும் அப்படித்தான் வணிகரை அழைத்து வந்து குடியேற்றினர். சுங்கத்துக்காக அழைக்கப்பட்ட வணிகர் சபைக்குத் தனக்கென்று ஒரு கோட்டையும் கடற்படையும், தொலைவில் ஒரு நாடாளுமன்றமும் இருந்ததுதான் புதிது. 1760 ஜனவரி 22-இல் அதே வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி ஐர் கூட்டின் படை பிரெஞ்சுத் தளபதி லாலியை முறியடித்தபோது கர்நாடகச் சீமையில் கம்பெனியின் ஐரோப்பிய எதிரியின் பலம் முறிந்தது.

கடனால் வந்த புரட்சி

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் திருவண்ணாமலை ஓயாத போர்க்களமானது. செங்கம் கணவாய் வழியாக மைசூருக்கும் பாராமகாலுக்கும் போகும் பாதையில் ஊர் இருந்ததாலும், கோயிலின் உயர்ந்த மதில்கள் கோட்டையாகப் பயன்பட்டதாலும் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் பிடித்தனர். 1753-இல் முற்றுகை, 1757-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1760-இல் ஆங்கிலேயர் பிடித்தனர். 1767 செப்டம்பரில் முதலில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் கர்னல் ஜோசப் ஸ்மித், ஹைதர் அலியும் நிஜாமும் சேர்ந்து நடத்திய படையைத் தோற்கடித்தார். மூன்றாம் மைசூர்ப் போரின்போது திப்பு சுல்தான் ஊரைக் கைப்பற்றினார்.

இந்தப் போர்கள் ஒவ்வொன்றுக்கும் யாரோ பணம் கொடுக்க வேண்டியிருந்தது. நவாப் முகம்மது அலி வாலாஜா (1749–1795) கம்பெனிப் படையின் உதவியால் பட்டத்தில் நிலைத்தவர். அந்தப் படையின் செலவைக் கட்ட வேண்டிய பொறுப்பும் அவருடையதே. கிஸ்தி கட்ட வேண்டிய நாள் அறுவடைக்கு முன்னால் வந்துவிடும். கையில் ரொக்கம் இல்லாத அமுல்தாரும் குத்தகைதாரரும் சௌகாரிடமோ ஐரோப்பியரின் மொழிபெயர்ப்பாளரும் தரகருமான துபாஷியிடமோ கடன் வாங்கிக் கட்டுவர். நவாபும் கடன் வாங்குவார். கடனுக்கு ஈடாக ஒரு சீமையின் வருமானத்தையே கடன் கொடுத்தவர் பெயருக்கு எழுதிக் கொடுப்பார். 1760-களில் நூற்றுக்கு 20-க்கும் மேல் வட்டி போன கடன்கள் இருந்தன. விளைச்சல் களத்துக்கு வருமுன்பே அது பலமுறை கைமாறியிருக்கும். கடன் கொடுத்தவர்களில் பெரும்பகுதியினர் கம்பெனியின் சொந்த ஊழியர்கள். கம்பெனிக்கு வர வேண்டிய கிஸ்தியைக் கட்டுவதற்காகக் கம்பெனி ஊழியரிடமே நவாப் கடன் வாங்கினார். கம்பெனிக்கும் நட்டம், நவாபுக்கும் நட்டம், குடியானவனுக்கு அழிவு. இடையில் நின்ற தனிமனிதர்கள் கோடீசுவரர் ஆயினர்.

இதன் உச்சம் தஞ்சாவூர். 1771-இலும் 1773-இலும் நவாபின் பெயரால் தஞ்சை மீது நடந்த படையெடுப்புகளுக்குக் கடன்காரர் பணம் உதவியது; 1773-இல் மராட்டிய மன்னர் துளஜா பதவியிழந்தார். காவிரிப் படுகையின் நெல் வருமானம் கடன்காரரின் கைக்குப் போனது. 1776-இல் ஆளுநர் பிகட், தஞ்சையை மன்னரிடமே திரும்ப ஒப்படைத்தார். தஞ்சை வருமானத்தின் மேல் தனக்கு ஏறத்தாழ 2,34,000 பவுன் பாத்தியதை உண்டு என்று பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் முன்வந்தார். சிறிய சம்பளக்காரரான அவரிடம் இவ்வளவு பணம் எப்படி வந்தது என்று யாரும் கேட்காமலில்லை. ஆகஸ்டு 24-இல் சென்னை ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையினர் ஆளுநரையே கைது செய்தனர். அடுத்த ஆண்டு மே மாதம் அவர் காவலிலேயே இறந்தார். அரசு ஒன்றைக் கடன்காரர் கவிழ்த்த நிகழ்ச்சி என்று பார்த்தால், தமிழ் மண்ணில் நடந்த பணக்காரப் புரட்சி இதுதான். அதைச் செய்தவர்களில் முன்னின்றோர் தமிழரல்லர். பலன் போன இடமும் தமிழகமில்லை. பென்ஃபீல்டும் அவர் கூட்டாளிகள் சிலரும் இங்கிலாந்துக்குத் திரும்பி அந்தப் பணத்தால் நாடாளுமன்ற இடங்களைப் பெற்றனர். எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரியில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி ஆற்றிய உரை அந்தக் கூட்டத்தைத்தான் சாடியது. 1801 ஜூலையில் கம்பெனி கர்நாடக ஆட்சியை முழுவதுமாக எடுத்துக்கொண்ட பிறகு, நவாபின் மீது வந்த கடன் கோரிக்கைகளை ஆராயக் குழு அமைந்தது; கோரிய தொகையில் மிகச் சிறு பகுதியே உண்மையான கடனென ஏற்கப்பட்டது.

உள்ளூர் வணிகர் இந்த மாற்றத்தில் எங்கே நின்றனர்? துபாஷிகளின் வாழ்க்கை இதற்கு நல்ல விடை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் 1736 முதல் 1761 வரையிலான நாட்குறிப்பு, சொந்தக் கணக்கில் வியாபாரம், வரிக் குத்தகை, பல்லக்கும் நகராவும் பெறும் மரியாதை எல்லாமே ஒரே மனிதரிடம் எப்படிக் கூடின என்று காட்டுகிறது. சென்னையில் பச்சையப்ப முதலியார் (1754–1794) ஆங்கிலேயருக்குத் துபாஷியாகத் தொடங்கித் தஞ்சைச் சீமையின் வரி வசூலிலும் அரசருக்குக் கடன் கொடுப்பதிலும் பெரும்பொருள் ஈட்டினார். திருவையாற்றில் அவர் இறந்தபோது சொத்தைக் கோயில் கட்டளைகளுக்கும் தர்மத்துக்கும் எழுதி வைத்திருந்தார். நீண்ட வழக்குகளுக்குப் பிறகு அந்த நிதியிலிருந்து 1842-இல் சென்னையில் பள்ளி எழுந்தது. பணம் கோயிலுக்குப் போய், அங்கிருந்து நீதிமன்றத்தின் வழியாகப் பள்ளிக்கு வந்த இந்தப் பயணம், அரசர் காலத்து வணிகன் காலனி காலத்து நடுத்தர வகுப்பானதை ஒரே குடும்பத்துச் சொத்தில் காட்டிவிடுகிறது.

வணிகர் ஏன் ஒரு தனி அரசியல் சக்தியாகவில்லை என்பதற்கு பிரசன்னன் பார்த்தசாரதி 2001-இல் எழுதிய நூல் ஒரு விளக்கம் தருகிறது. தென்னிந்திய வணிகன் நெசவாளனுக்கு முன்பணம் கொடுத்தான். நெசவாளன் ஒப்பந்தத்தை முறித்து முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு வேறு இடத்துக்குப் போகலாம். அவனைப் பிடித்து வைக்கும் அதிகாரத்தை அரசர்கள் வணிகருக்குத் தரவில்லை. குடிகளை இழக்க எந்தப் பாளையக்காரரும் விரும்பவில்லை என்பதே காரணம். கம்பெனி ஆட்சிக்கு வந்ததும் அந்தச் சுதந்திரம் போயிற்று. வணிகனுக்குப் பதிலாகக் கம்பெனியின் ஆள் தறியின் முன் நின்றான். சேவகனும் பிரம்பும் கூட வந்தன. தென்னார்க்காட்டு நெசவாளர் கூடி எதிர்த்தும் பார்த்தனர். பழைய ஆட்சியாளர் சரிந்ததால் வணிகருக்கு விடுதலை கிடைக்கவில்லை, நெசவாளருக்கு அடிமைத்தனமே கிடைத்தது என்ற இந்த வாதம் ஐரோப்பியக் கதையைத் தலைகீழாக்குகிறது. இத்துறையில் கடந்த முப்பது ஆண்டுகளில் சொல்லப்பட்டவற்றில் மிக முக்கியமான வாதம் இது என்றே கொள்ளலாம்.

பாளையக்காரர் எழுச்சியும் அதன் பிறகும்

1799 அக்டோபரில் கயத்தாற்றில் பாளையக்காரர் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 ஜூன் 16-இல் திருச்சியில் ஒட்டப்பட்ட மருது பாண்டியரின் அறிக்கை எல்லாச் சாதியாரையும் கம்பெனிக்கு எதிராக எழுமாறு அழைத்தது. அக்டோபர் 24-இல் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். கா. ராஜய்யன் 1971-இல் இந்த எழுச்சியைப் பற்றி எழுதிய நூல், அது பாளையக்காரர் சிலரின் தனிக் கலகமன்று, பல சீமைகள் சேர்ந்த கிளர்ச்சி என்று நிறுவியது. உழவரும் வீரரும் அதில் திரளாக இருந்தனர். பெருவணிகரை மட்டும் அந்த அணியில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

எழுச்சி ஒடுங்கியதும் கம்பெனி 1802-இன் ஒழுங்குமுறையால் நிலையான ஜமீன்களை உண்டாக்கியது. சேலம், செங்கல்பட்டுப் பகுதிகளில் ஊர்களை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் போட்டபோது செங்கல்பட்டில் ஏலம் எடுத்தவர்களில் சென்னைத் துபாஷிகளும் வணிகரும் நிறைய இருந்தனர். அவர்களில் பலர் கிஸ்தி கட்ட முடியாமல் விரைவில் இழந்தனர். திருவண்ணாமலைப் பகுதி பின்னர், உழவரிடம் அரசு நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரிக்குள் வந்தது. ஆரணி மட்டும் விலக்கு. பதினேழாம் நூற்றாண்டில் பிஜப்பூர்ப் படையோடு வந்த ஷாஜியிடம் வேதாஜி பாஸ்கர பந்த் பெற்ற அந்த ஜாகீர், நாயக்கரும் நவாபும் போன பிறகும் சிறு பேஷ்கஷோடு (கப்பத்தோடு) அந்த வம்சத்திடமே நீடித்தது. பட்டு நெசவுக்குப் பெயர்போன ஊர் என்பதால், அரண்மனையும் தறியும் அங்கே பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழ்ந்தன.

தெற்கே ராமநாதபுரத்தில் நிலைமை வேறு. போர் செய்யும் வேலை போனதால் அதை ஆண்டுவந்த சேதுபதியின் அரச தர்மம் கொடையாக மட்டும் எஞ்சியது. படை இல்லாத அரசன் கோயிலுக்கும் புலவருக்கும் விழாவுக்கும் கொடுத்துத்தான் அரசனாக இருக்க முடியும் என்பதை நிக்கோலஸ் டர்க்ஸ் 1987-இல் புதுக்கோட்டையை வைத்தும் பமேலா பிரைஸ் 1996-இல் ராமநாதபுரம், சிவகங்கையை வைத்தும் விளக்கினர். பாஸ்கர சேதுபதி (1868–1903) விவேகானந்தர் சிகாகோ செல்ல உதவியவர்; அள்ளிக் கொடுத்தே கடனில் ஆழ்ந்தவர். கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர் நாட்டுக்கோட்டை நகரத்தார். இலங்கையிலும் பர்மாவிலும் வட்டிக்கடை நடத்தி ஈட்டிய பணம் ஜமீன் ஊர்களை ஈடாகப் பிடித்தது.

நகரத்தார் சேதுபதியை எதிர்க்கவில்லை. அவர் செய்துவந்த தர்மத்தைத் தாங்கள் செய்தனர். ராமேசுவரம் திருப்பணியைத் தேவகோட்டை நகரத்தார் குடும்பம் ஏற்றது. திருவண்ணாமலையிலும் போர்களால் சிதைந்த கோயிலை நகரத்தார் திருப்பணி செய்தனர். அவர்களது சத்திரமும் அங்கே உண்டு. திருவண்ணாமலையில் தோன்றிய சைவ மடமொன்று பின்னாளில் குன்றக்குடியில் நிலைத்து இன்றும் திருவண்ணாமலை ஆதீனம் என்றே பெயர் தாங்குகிறது. அருணாசலமும் செட்டிநாடும் அவ்வளவு நெருங்கிய உறவு. கடைசியில் நகரத்தாரே அரசரும் ஆயினர்: 1923-இல் சர் பட்டம் பெற்ற அண்ணாமலைச் செட்டியாருக்கு 1929-இல் செட்டிநாட்டு ராஜா என்ற பரம்பரைப் பட்டம் கிடைத்தது. டேவிட் ரட்னர் 1994-இல் எழுதிய ஆய்வு, கோயிலும் குலமும் நகரத்தாருக்கு வங்கி அமைப்பாகவே வேலை செய்தன என்று காட்டியது. நம்பிக்கை, முதல் திரட்டல், நடத்தை ஒழுங்கு எல்லாம் கோயில் பிரிவுகளின் வழியாகவே வந்தன.

அதே ராமநாதபுரச் சீமையில் வேறொரு வணிகச் சமூகத்துக்குக் கதவு அடைத்தே கிடந்தது. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, கமுதி ஊர்களின் நாடார் வணிகர் பேட்டை அமைத்து, மகமை என்ற பொதுநிதி வசூலித்து, உறவின்முறை என்ற ஊர்ச் சங்கத்தால் தங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டவர்கள். 1889-இல் விருதுநகரில் பள்ளி நிறுவியவர்கள். பணத்தில் அவர்கள் எவருக்கும் குறைந்தவரில்லை. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சிலர் நுழைந்து வழிபட்டபோது, பரம்பரை அறங்காவலரான பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1899 ஜூனில் சிவகாசி சூறையாடப்பட்டது, உயிர்கள் போயின. கீழ்க்கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் கடைசியில் 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் நாடாருக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. வணிக வர்க்கம் ஒன்று பிரபு ஒருவரை நேருக்கு நேர் எதிர்த்துநின்ற போராட்டம் தமிழகத்தில் எது என்று கேட்டால், ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் விரிவாக எழுதிய இந்தப் போராட்டத்தையே முதலில் சொல்ல வேண்டும். நிலவரியோ சட்டசபையோ அதன் பொருளாக இல்லை. தெய்வத்தின் முன் நிற்கும் உரிமைக்காக நடந்த அந்தப் போராட்டத்தின் நியாயத்தைச் சட்டம் ஒப்புக்கொள்ள 1939-இன் ஆலயப் பிரவேசச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டசபை வந்த பிறகு இரு தரப்பும் ஒரே கட்சியில் சேர்ந்தன. 1916-இல் தோன்றிய நீதிக்கட்சியில் நெசவு வணிகரான பிட்டி தியாகராயச் செட்டியும் பனகல், பொப்பிலி ராஜாக்களும் ஒன்றாக இருந்தனர். கூட்டணி காங்கிரசுக்கு எதிராகவும் அரசுப் பதவிகளில் பிராமணர் ஆதிக்கத்துக்கு எதிராகவும் உருவானது. நிலவுடைமையை அது தொடவில்லை. ஆயினும் பனகல் ராஜா முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த இந்து சமய அறநிலையச் சட்டம், பிரபுவும் வணிகனும் பரம்பரையாகக் கோயில்மேல் செலுத்திவந்த அதிகாரத்தை அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. 1937 தேர்தலில் கட்சி வீழ்ந்தது. பர்மாவில் நகரத்தார் நிலை அதற்கு முன்பே மாறியிருந்தது: 1930-களின் நெல் விலைச் சரிவில் கடன் திரும்பாததால் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்தது. விரும்பாமலே நிலவுடைமையாளரான அவர்கள், 1942-இல் ஜப்பானியப் படை வந்ததும் அந்த நிலங்களை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியிருந்தது.

1948-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அரசே இழப்பீடு கொடுத்து எஸ்டேட்களை எடுத்து ரயத்துவாரியாக மாற்ற வழி செய்த அந்தச் சட்டம், நூற்றாண்டுகளாகச் சேதுபதிகள் ஆண்ட சீமைக்கும் வட்டிக்கு ஈடாக நேற்று கைமாறிய ஜமீனுக்கும் வேறுபாடு பார்க்கவில்லை. சேதுபதியும் செட்டிநாட்டு ராஜாவும் அதன் பார்வையில் ஒரே வகை உடைமையாளர்.